மஞ்சள் ஃபைலுக்குத் தனி கிளாஸ்

ஜூன் 10, திங்கள்

இன்று முதல் நானும் மாணவி. முப்பத்தைந்து வயதில், தில்லைநகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், மாலை ஆறு மணி வகுப்பு, பாடம் ஜாவா.

காரணம் அப்பாவின் கண். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இடது கண்ணும் அதே வழியில் போகிறது. உறையூரில் நாங்கள் நடத்தும் திருமணத் தகவல் மையத்தில் அறுநூற்றுச் சொச்சம் ஃபைல்கள் இருக்கின்றன. எந்த ஃபைலுக்கு எந்த ஃபைல் சேரும் என்பது இத்தனை வருடமும் அப்பாவின் தலைக்குள்தான் இருந்தது. அதை ஒரு ப்ரோகிராமாக இறக்கிவைக்க வேண்டும் என்று அவரேதான் ஆரம்பித்தார். வெளியே ஆள் வைத்துச் செய்துகொள்ளலாமே என்றேன்.

"பொண்ணு பையன் விவரமெல்லாம் வெளி ஆளுக்குப் போகக் கூடாது வசு. நீயே கத்துக்கம்மா. நீ கணக்குல கெட்டிதானே."

கணக்குப் படித்தால் எல்லாம் வந்துவிடும் என்று அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை.

சொல்லித்தருகிற பெண் ஃபர்ஹானா. இருபத்து நான்கு வயது இருக்கலாம். பார்த்த உடனே என்னை அக்கா ஆக்கிக்கொண்டாள். வகுப்பில் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். நானும், ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் எடுக்கும் திருமூர்த்தி என்பவரும்தான் முற்றின கத்தரிக்காய்கள். அதனால் கடைசி மேஜை எங்கள் இரண்டு பேருக்கும். அவர் நோட்டில் எழுதும்போது நாக்கை லேசாகக் கடித்துக்கொள்கிறார். கவனிக்க வேண்டும் என்று கவனிக்கவில்லை, பக்கத்தில் இருந்ததால் கண்ணில் பட்டது.

ஜூன் 12, புதன்

கிளாஸ், ஆப்ஜெக்ட். இவை இரண்டும் புரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்கிறாள் ஃபர்ஹானா. கார் என்பது கிளாஸ், உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் கார் ஆப்ஜெக்ட் என்றாள். எங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் லாரிதான் நிற்கும். எனக்குப் பிடிபடவில்லை.

பஸ்ஸில் வரும்போது நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆபீஸில் கட்டுக்கட்டாக அச்சடித்து வைத்திருக்கிறோமே வெறும் பயோடேட்டா படிவம், அதுதான் கிளாஸ். பெயர் என்று இருக்கும், பெயர் இருக்காது. உயரம் என்று இருக்கும், உயரம் இருக்காது. ஒரு ஆள் வந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லி, நிரப்பினால்தான் அது ஆப்ஜெக்ட். எத்தனை ஆயிரம் படிவம் அச்சடித்தாலும் அதிலிருந்து ஒரு மாப்பிள்ளைகூடக் கிடைக்க மாட்டார். நியூ என்று ஒரு சொல்லைப் போட்டால்தான் ஆப்ஜெக்ட் உண்டாகும்.

ஜூன் 15, சனி

பயிற்சி: 'நபர்' என்று ஒரு கிளாஸ் எழுதி, அதிலிருந்து உங்களையே ஒரு ஆப்ஜெக்டாக உருவாக்குங்கள். பெயர், வயது, ஊர், வேலை, திருமணமானவரா. கடைசியாக உள்ளதற்கு இரண்டே பதில்தான் உண்டு, ட்ரூ அல்லது ஃபால்ஸ்.

மற்றவை எல்லாம் தட்டிவிட்டேன். அந்த இடத்தில் நின்றுவிட்டேன். ஆகவில்லை என்றால் பொய். ஆகியிருக்கிறது என்றால் அதுவும் பொய். பக்கத்துத் திரையில் திருமூர்த்தி ஃபால்ஸ் என்று அடித்துவிட்டு என் திரையைப் பார்த்தார், உடனே பார்க்காதவர் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒன்றும் போடாமல் ஓடவிட்டேன். ஃபால்ஸ் என்று வந்தது. "நாம எதுவும் சொல்லலைன்னா ஜாவா அதுவா ஃபால்ஸ்னு எடுத்துக்கும் அக்கா" என்றாள் ஃபர்ஹானா. ஆறு வருடமாக ஊரும் உறவும் எடுத்துக்கொள்ளாததை ஜாவா ஒரு நொடியில் எடுத்துக்கொண்டது.

வகுப்பு முடிந்து படி இறங்கும்போது திருமூர்த்தியிடம் நானாகவே சொன்னேன், பெங்களூரில் மூன்று வருடம் இருந்தேன், பிறகு கோர்ட்டில் பிரிந்து வந்துவிட்டேன் என்று. அவர் கேட்கவே இல்லை. எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. "சரிங்க மேடம்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லாதது நிம்மதியாக இருந்தது.

ஜூன் 18, செவ்வாய்

மாவு அரைத்தேன். கேஸ் புக் செய்தேன். அப்பாவுக்கு ஆபரேஷனுக்கு முன்னால் எடுக்கவேண்டிய ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்தது.

ஜூன் 21, வெள்ளி

இன்று மானம் போயிற்று. உயரம் என்பதற்கு முன்னால் 'ஸ்டாட்டிக்' என்று ஒரு சொல்லை எங்கிருந்தோ பார்த்துப் போட்டுவைத்திருந்தேன். ஆறு மாப்பிள்ளைகளை உள்ளே ஏற்றி அச்சிட்டுப் பார்த்தால் ஆறு பேரும் ஐந்தடி இரண்டங்குலம். கடைசியாக ஏற்றியவர் அந்த உயரம். அவர் உள்ளே வந்ததும் மற்ற ஐந்து பேரையும் தன் உயரத்துக்கு இறக்கிவிட்டார்.

ஸ்டாட்டிக் என்றால் அந்தக் கிளாஸுக்கே பொது, ஆளுக்கு ஆள் தனியாக இருக்காது என்று ஃபர்ஹானா விளக்கினாள். திருமூர்த்தி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்க ஒர்க்‌ஷாப்ல ஒரு மிஷின்ல ப்ளேடு மாத்தினா எல்லா மிஷின்லயும் மாறிடுற மாதிரி" என்றார். நானும் சிரித்தேன். இவ்வளவு சத்தமாகச் சிரித்து நாளாயிற்று, குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

ஜூன் 24, திங்கள்

நிஜமான ஃபைல்களை ஏற்றத் தொடங்கினேன். எங்கள் ஆபீஸில் இரண்டு அலமாரிகள். முதல் திருமணத்துக்குப் பதிந்தவர்கள் வெள்ளை ஃபைலில். மறுமணத்துக்குப் பதிந்தவர்கள் மஞ்சள் ஃபைலில். வெள்ளைக்கு வெள்ளை, மஞ்சளுக்கு மஞ்சள். கலந்து காட்டுவதில்லை என்பது அப்பாவின் சட்டம். மஞ்சள் அலமாரியில் என் ஃபைல் கிடையாது. நான் திரும்பி வந்த புதிதில் பதியட்டுமா என்று அப்பா கேட்டார். அந்தப் பேச்சே வேண்டாம் என்றேன். அவரும் விட்டுவிட்டார்.

வெள்ளை அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய ஃபைல்களை எடுத்தபோது 'திருமூர்த்தி, ஐ.டி.ஐ.' என்று ஒன்று வந்தது. எட்டு வருடம் முன்பு அவருடைய அக்கா பதிந்தது. அஸ்த நட்சத்திரம். ஐந்தடி எட்டு. அப்பா அம்மா இல்லை. இரண்டு தங்கைகளுக்கு முடித்துவிட்டுத்தான் தனக்கு என்று அவர் தள்ளிப்போட்டதாக அப்பா ஓரத்தில் குறித்திருக்கிறார். ஃபோட்டோவில் மீசை கொஞ்சம் அதிகம். இப்போது இருக்கும் அளவுதான் முகத்துக்கு நன்றாக இருக்கிறது.

ஏற்றும் வேலைக்காகத்தான் பார்த்தேன். இன்று மொத்தம் ஒரு ஃபைல்தான் ஏற்றி முடித்தேன், மின்சாரம் போய்விட்டது.

ஜூன் 27, வியாழன்

'வரன்' என்று ஒரு கிளாஸ் எழுதியாயிற்று. 'மறுமணவரன்' என்று இன்னொன்றும் எழுதிவிட்டேன். பொருத்தம் பார்க்கும் பகுதி, வரனுக்கு வரனை மட்டும்தான் ஏற்றுக்கொள்ளும், மறுமணவரனுக்கு மறுமணவரனை மட்டும். மாற்றிக் கொடுத்தால் ப்ரோகிராம் ஓடவே ஓடாது, கம்பைல் ஆகும்போதே பிழை என்று நின்றுவிடும். அப்பாவின் சட்டத்தை அப்படியே கொண்டுவந்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

ஃபர்ஹானா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அக்கா, ரெண்டாவது கிளாஸ் வரிக்கு வரி முதலாவதோட காப்பியா இருக்கே."

"ஆமா. ஆனா அவங்க வேற, இவங்க வேற."

"என்ன வேற? முதலாவது செய்யாத எதையாவது ரெண்டாவது செய்யுதா?"

யோசித்தேன். பெயர் உண்டு, வயது உண்டு, நட்சத்திரம் உண்டு. பொருத்தம் பார்ப்பதும் அதே கணக்குத்தான். "ஃபைல் கலர் வேற. அது வெள்ளை, இது மஞ்சள்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஒரே மாதிரி இருந்து ஒரே வேலையைச் செஞ்சா அது ஒரே கிளாஸ்தான் அக்கா. முன்னாடி நடந்தது ஒரு விவரம். அதை உள்ள ஒரு வரியா வெச்சுக்கலாம். அதுக்காகத் தனி கிளாஸ் எழுத மாட்டோம்."

சின்னப் பெண் சொன்னது தொழில்நுட்பம்தான். எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "உனக்கு எங்க தொழில் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாவம், அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

ஜூன் 28, வெள்ளி

அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி. சொட்டு மருந்து. குனியக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது. வாசலில் யார் வந்தாலும் காலடிச் சத்தத்தை வைத்து யார் என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்.

ஜூலை 1, திங்கள்

வகுப்புக்குப் போகவில்லை. வாஷிங் மெஷின் ரிப்பேர், ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்.

ஆள் காலையிலேயே வந்து சரி செய்துவிட்டுப் போய்விட்டார் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மாலையில் திருமூர்த்தி ஃபோன் செய்தார். என் பென் டிரைவ் மேஜையிலேயே இருக்கிறதாம், பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாராம். "அப்பாவுக்குக் கண் எப்படி இருக்கு?" என்றார். ஆபரேஷன் என்று அவரிடம் எப்போது சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. "நாளைக்கு வாங்க மேடம். கடைசி மேஜையில நான் ஒருத்தனா உட்கார்ந்திருந்தா பசங்க பாவமாப் பார்க்கிறாங்க."

ஜூலை 3, புதன்

போனேன். முதலில் ஃபர்ஹானாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அய்யோ அக்கா, நான் அன்னிக்கே மறந்துட்டேன்" என்று பையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தாள்.

வகுப்பு முடிந்து கீழே கடையில் டீ. திருமூர்த்திக்குச் சர்க்கரை குறைவு, எனக்கு நிறைய. அந்த இரண்டு கிளாஸ் சண்டையை அவரும் அன்று கேட்டுக்கொண்டுதானே இருந்தார். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"உங்க ஆபீஸ்ல நான் வெள்ளை ஃபைல்தானே?"

"ஆமா சார். கீழ்த்தட்டு."

"வெள்ளை ஃபைல்காரன் ஒருத்தன் மஞ்சள் பக்கம் பார்க்கணும்னு ஆசைப்பட்டா என்ன செய்யணும்?"

எனக்கு டீ சுட்டுவிட்டது. "கம்பைல் ஆகாது" என்றேன்.

"அப்ப எழுதினதைத்தான் மாத்தணும். ஆளுங்க மேல தப்பு இல்லையே" என்றார். டம்ளரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, என் பஸ் வரும்வரை நின்றார்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சந்தோஷமாக இருந்தது. இடம் கிடைத்ததற்காக அல்ல.

ஜூலை 5, வெள்ளி

மருந்து ஊற்றிவிட்டு அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தபோது கேட்டேன். "வெள்ளையையும் மஞ்சளையும் ஏன்பா பிரிச்சு வெச்சோம்?"

தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"முன்னாடி எல்லாம் ஒரே அலமாரிதான். ஒரு நாள் வெள்ளை ஃபைல் குடும்பம் ஒண்ணு வந்திருந்தாங்க. நல்ல இடம்னு நினைச்சு ஒரு மறுமணப் பொண்ணு விவரத்தை நான்தான் எடுத்துக் காட்டினேன். அந்தம்மா தொடவே இல்லை. ஸ்கேலை எடுத்து அதாலயே ஃபைலை என் பக்கம் தள்ளிவிட்டாங்க. எங்க பையனை என்னன்னு நினைச்சீங்கன்னு கேட்டாங்க." போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டார். "இன்னொரு தடவை எந்தப் பொண்ணு ஃபைலையும் அப்படி ஒருத்தர் தள்ளக் கூடாது. அதுக்குத்தான்."

யாருடைய ஃபைல் என்று நான் கேட்கவில்லை. மஞ்சள் அலமாரி வந்தது நான் பெங்களூரிலிருந்து வந்த அதே வருடம். அது நடந்தது, அந்தப் பேச்சே வேண்டாம் என்று நான் சொன்னதற்கு முன்பா பின்பா என்றும் கேட்கவில்லை. துண்டை எடுத்து அவர் கன்னத்தில் வழிந்த மருந்தைத் துடைத்துவிட்டேன். மருந்துதான்.

அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு ரசம் வைத்தேன்.

ஜூலை 8, திங்கள்

'மறுமணவரன்' கிளாஸை நீக்கிவிட்டேன்.

நீக்கியதும் முப்பத்தேழு இடத்தில் சிவப்புக் கோடு. அந்தப் பெயரை எங்கெங்கே எழுதியிருந்தேனோ அங்கெல்லாம் இப்படி ஒன்று இல்லை என்று ஜாவா கத்துகிறது. ஒவ்வொன்றாக வரன், வரன், வரன் என்று மாற்றிக்கொண்டே வந்தேன். முன்பு மணமானதா என்பது இப்போது உள்ளே ஒரு வரி. அதையும் யார் கேட்டாலும் கொடுக்காமல் பிரைவேட் என்று போட்டுவைத்தேன். அந்த ஆளே சம்மதித்தால்தான் வெளியே வரும். இனி யாரும் யாரையும் ஸ்கேலால் தள்ள வேண்டாம். இரண்டு பேரும் பார்க்கச் சம்மதம் என்று பதிந்திருந்தால் மட்டுமே பெயர் திரையில் வரும்.

ஃபர்ஹானா ஓடவிட்டுப் பார்த்தாள். ஒரு பிழையும் இல்லை. "பாதியாக் குறைஞ்சிடுச்சு அக்கா" என்றாள். ப்ரோகிராமின் நீளத்தைச் சொன்னாள்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 10, புதன்

சோதித்துப் பார்க்கப் பத்து ஆண், பத்துப் பெண் வேண்டும் என்றாள் ஃபர்ஹானா. பெண்களில் ஒன்று குறைந்தது. அலமாரியைத் திறந்து இன்னொரு ஃபைல் எடுக்கச் சோம்பல். அதனால் கையிலிருந்த விவரத்தை வைத்து ஒன்றை உருவாக்கினேன். மாலதி என்று ஒரு பெயர். முப்பத்தைந்து. ஐந்தடி நான்கு. உத்திரட்டாதி. பி.எஸ்சி. கணிதம். முன்பு மணமானது, ட்ரூ. சம்மதம் என்ற இடத்தில், சோதனைக்குத்தானே என்று, ட்ரூ.

எண்ணிக்கை சரியாவதற்காகப் போட்டது. சோதனை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

ஜூலை 13, சனி

இன்னும் எடுக்கவில்லை.

ஆடி பிறந்துவிட்டால் ஒருவரும் வரன் பார்க்க வர மாட்டார்கள் என்பதால் ஆபீஸில் கூட்டம். அப்பாவும் கறுப்புக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்திருந்தார். மதியம் ஒரு அம்மாள் வந்தார். திருமூர்த்தியின் அக்கா, பாக்கியம். எட்டு வருடத்தில் ஒன்றும் அமையவில்லை என்று குறைசொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அண்ணே, தம்பி இப்பத்தான் வாயைத் திறந்து ஒண்ணு சொல்லியிருக்கான். மஞ்சள் ஃபைலும் பார்க்கச் சொல்லுக்கான்னு. பொண்ணு நல்ல பொண்ணா இருந்தா போதுமாம். எங்க வீட்ல யாருக்கும் தடை இல்லை. நானே நேர்ல வந்து சொல்லிட்டேன்" என்றார். போகும்போது என் பக்கம் திரும்பி ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். நான் ஸ்டேப்ளரில் பின் போட்டுக்கொண்டிருந்தேன். அதில் ஏற்கனவே பின் இருந்தது.

அவர் போனதும் அப்பா சொன்னார். "உன் ப்ரோகிராமை இந்தப் பையனுக்கு ஓட்டு. பார்ப்போம்."

"அப்பா, ஒண்ணு சொல்லணும். நான் ரெண்டு கிளாஸையும் ஒண்ணாக்கிட்டேன். இப்ப வெள்ளை மஞ்சள் கிடையாது."

அப்பா கண்ணாடியைக் கழற்றப் போனார், டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து கையைக் கீழே இறக்கினார். "யாராவது மனசு நோகுற மாதிரி ஆகாதே?"

"ஆகாதுப்பா. அவங்களும் சம்மதிச்சிருந்தாத்தான் பேர் வரும்."

"சரி, படி."

ஓடவிட்டேன். மூன்று பெயர்கள் வந்தன. அப்பாவுக்குத் திரை தெரியாது, நான்தான் படிக்க வேண்டும். முதல் பெயரைப் படித்தேன், துறையூர்ப் பெண், உயரம் ஒத்துவராது என்றார். இரண்டாவதைப் படித்தேன், அவளுக்குப் போன வாரமே நிச்சயமாகிவிட்டது என்றார்.

மூன்றாவது வரியை நான் படிக்காமல் விட்டிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இவ்வளவுதான்பா என்று சொல்லிவிட்டுத் திரையை மூடியிருக்கலாம். அதற்கான வார்த்தை வாய்வரை வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. தள்ளப்படுவது பற்றிய பயம் இல்லை. அது பழகிவிட்டது. யாரும் தள்ளாவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம்.

படித்தேன். "மாலதி. முப்பத்தஞ்சு. அஞ்சடி நாலு. உத்திரட்டாதி. பி.எஸ்சி. மேத்ஸ். முன்னாடி கல்யாணம் ஆனவங்க."

அறுநூறு ஃபைலையும் மனப்பாடமாக வைத்திருக்கிறவர் அப்பா.

"இந்த ஃபைலை நான் பார்த்ததில்லையே."

"புதுசுப்பா."

"எப்ப வந்துச்சு?"

"புதன்கிழமை."

அப்பா விரல்விட்டு நட்சத்திரத்தை எண்ணத் தொடங்கினார். அஸ்தம், உத்திரட்டாதி. எண்ணத் தேவையில்லை, அவருக்குத் தெரியும். இருந்தாலும் முழுவதும் எண்ணினார்.

"பொருந்துது. ரஜ்ஜுவும் தட்டலை" என்றார். "ஆனா பையன் வீட்டுக்கு ஃபோன் பண்றதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டுடணும். பொண்ணைக் கேட்காம நான் முடிச்சு வெச்சதெல்லாம் போதும். நீயே கேளும்மா. அவசரம் இல்லை, நாளைக்குச் சொல்லு."

ஜூலை 14, ஞாயிறு

அப்பாவுக்குக் காலையில் மருந்து ஊற்றினேன். காபி கொடுத்தேன். பால்காரருக்குப் பாத்திரம் வைத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா என் காலடிச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"கேட்டியா?"

"கேட்டேன்பா."

"என்ன சொல்றா?"

"சம்மதம்னு சொல்றா" என்றேன்.